பார்வையாளர்கள் வரும்வரை

எங்கள் அலுவலகத்து பிஸ்கட் நன்றாக இருக்கும். நீங்கள் மூவரும் வந்து உட்கார்ந்ததிலிருந்து தட்டைத் தொடவே இல்லை. விசாரணைக் குழு என்றால் வாயைக் கட்ட வேண்டும் என்று விதியா என்ன? எடுத்துக்கொள்ளுங்கள். நன்கொடையாளர்கள் வரும் நாளில் வாங்குவது. மிச்சத்தை நாங்கள் ஒரு வாரம் வைத்துத் தின்போம். நமுத்தாலும் விடமாட்டோம்.

என் வேலை கதை எழுதுவது. அட்டையில் பயனாளிப் பதிவு அலுவலர் என்று போட்டிருக்கும். வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன நோய், புருஷன் குடிப்பானா, மருமகள் சோறு போடுகிறாளா என்று கேட்டு எழுத வேண்டும். சும்மாவே அடுத்த வீட்டுச் சமாச்சாரம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதற்குச் சம்பளமும் கொடுத்து வண்டியும் அனுப்பினால் கசக்குமா?

வெளியே எங்களைப் பார்ப்பவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். நான்கு மாடி, முந்நூறு பேர், எல்லோரும் தொண்டு செய்யப் பிறந்தவர்கள் என்று நினைப்பு. உள்ளே ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தாய்மார் நலப் பிரிவும் குழந்தைகள் பிரிவும் ஒரு பீரோவுக்காக இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நடைபாதைச் சுவர் முழுக்க நாங்கள் குணப்படுத்தியவர்களின் சிரித்த முகங்கள். அவற்றுக்குக் கீழே உட்கார்ந்து, யார் எந்த மாநாட்டுக்குப் பறக்கிறார்கள் என்று வயிறு எரிந்தபடி சாப்பிடுவோம். எங்கள் தலைமை அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் கருணை. கூட்டத்துக்குக் கூட்டம் அந்தச் சொல்லை ஒன்பது தடவையாவது சொல்லுவார். ஒரே படத்தைத் திரையில் போட்டு ஒரே இடத்தில் தொண்டையை அடைத்துக்கொள்வார். அடைத்த தொண்டையோடு ஏசியைக் குறைக்கச் சொல்லுவார். பதினான்கு வருஷமாக இதைப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் குமட்டும், பிறகு பழகிவிடும்.

எங்கள் கோப்பில் ஒவ்வொரு பயனாளிக்கும் இரண்டு படம் இருக்க வேண்டும். உதவிக்கு முன் ஒன்று, உதவிக்குப் பின் ஒன்று. போன வருஷம் பார்வையாளர்களாக வந்த வெளிநாட்டு நன்கொடையாளர்கள் ஒரு குறை சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே கூட்டிப்போனாலும் குணமானவர்களையே காட்டுகிறீர்கள், எல்லோரும் திடமாக நிற்கிறார்கள், இவர்கள் நோயாளிகளாக இருந்தார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்களாம். கருணை ஆடிப்போய்விட்டார். என்னைக் கூப்பிட்டு, இந்தத் தடவை 'முன்' நிலையில் ஒருவர் நேரில் வேண்டும் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் எப்போதுமே வேறு ஒன்றும் சொல்லமாட்டார்.

அப்படித்தான் துணி தேய்க்கும் அம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். ஒற்றை அறை வீடு, வாசலோடு ஒட்டிய தேய்ப்பு மேஜை, காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றே வேலை. புருஷன் போய் ஏழு வருஷம். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் ஒருத்தி. சர்க்கரை நோய். வலது பாதத்தில் கொப்புளமாக ஆரம்பித்து, குழி விழுந்த புண். எங்கள் நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் இருந்தால், எங்களோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனையில் அறுவை சிகிச்சை இலவசம். விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததே நான்தான். நான் இல்லாவிட்டால் அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரிந்திருக்காது.

கடிதம் மூன்றாம் தேதி வந்தது. பார்வையாளர்கள் ஒன்பதாம் தேதி வருவதாக இருந்தது. நடுவில் ஆறு நாள். இத்தனை நாள் பொறுத்த புண் ஆறு நாள் பொறுக்காதா என்று நினைத்தேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்தேன். மறைத்தேன் என்று உங்கள் தாளில் இருக்கிறது. அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடம் இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்பதாம் தேதிப் பயணம் பதினேழுக்குத் தள்ளிப்போனது. அவர்களில் ஒருவருக்கு ஜலதோஷமாம். பதினேழு, இருபத்தெட்டானது. ஏனென்று யாரும் சொல்லவில்லை.

அந்த வீட்டுக்கு நான் தவறாமல் போனேன். வாரம் இரண்டு தடவை. தெரு திரும்பும்போதே வாடை வரும். தேய்த்த துணியின் சூடான மணமும் அழுகல் வாடையும் சேர்ந்து மூக்கில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குப் போய் இரண்டு தடவை தலைக்குக் குளித்தாலும் போகாது. கட்டு மஞ்சளாகி, பச்சையாகி, ஓரத்தில் ஈ உட்கார்ந்திருக்கும். அந்த அம்மா அதை விசிறிக்கொண்டே என்னை உட்காரச் சொல்லி டீ கொடுப்பார். நான் குடிப்பேன். என் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் வாசலோடு திரும்பியிருப்பார்கள்.

கட்டு மாற்ற வரும் எங்கள் நர்ஸ் கொஞ்சம் வாய்த்துடுக்கு. பன்னிரண்டாம் தேதி வாக்கில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கால் விரல் ரெண்டு கறுத்துப்போச்சு. இது மேல ஏறுது. லெட்டர் வந்துச்சா இல்லையா?"

வரவில்லை என்றேன். பேசாமல் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம், நானே கூட்டிப்போகிறேன் என்றார். வேறு இடத்தில் சேர்த்தால் கோப்பை மூடிவிடுவார்கள், அப்புறம் ஆறு மாசம் காத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அப்படி ஒரு விதி எங்களிடம் இல்லை. ஆனால் இருந்திருக்கலாம். எங்களிடம் இல்லாத விதியா?

அதையே அந்த அம்மாவிடமும் சொன்னேன். அவர் பயந்துபோய் எங்கேயும் போகமாட்டேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் செய்தார். நர்ஸ் இருபதாம் தேதி மறுபடி என்னிடம் வந்து, இனி வலிக்கிறதென்று சொல்வதை நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும், நரம்பு செத்தால் வலி தெரியாது, அப்புறம் காலே மிஞ்சாது என்றார். கேட்டுக்கொண்டேன். ஒரு கதைக்கு இப்படிப்பட்ட விவரங்கள் தேவை. குறித்தும் வைத்தேன்.

இருபத்தெட்டாம் தேதி பதினோரு பேர் வந்தார்கள். முந்தின நாள் கட்டு மாற்ற வேண்டாம் என்று நர்ஸிடம் நான்தான் சொல்லியிருந்தேன். புதுக் கட்டு போட்டால் என்ன தெரியும்? அந்த அம்மா அக்கம்பக்கத்தில் நாற்காலி இரவல் வாங்கி வரிசையாகப் போட்டிருந்தார். இருக்கிற ஒரே நல்ல சேலையைக் கட்டியிருந்தார். ஒருவரும் உட்காரவில்லை. வாசனைக் கைக்குட்டையை மூக்கில் வைத்த ஒரு பெண்மணி, ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டார். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. கருணை குறித்த இடத்தில் தொண்டையை அடைத்துக்கொண்டார். நான் குனிந்து கட்டை அவிழ்த்தேன். ஒருவர் வெளியே போய் வாந்தி எடுத்தார். மற்றவர்கள் படம் எடுத்தார்கள்.

வலிக்கிறதா என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டேன்.

"இல்லீங்க. நாலு நாளா வலியே இல்லை. அக்கா புண்ணியத்துல குறைஞ்சுட்டு வருது."

தாங்க முடியாத வலி என்கிறார் என்று மொழிபெயர்த்தேன். பாவம், அவர்கள் அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தார்கள். மொத்தம் நான்கு நிமிஷம். மறுநாள் காலை நானே வண்டி வைத்து, கடிதத்தோடு மருத்துவமனையில் சேர்த்தேன்.

முதல் வாரமே வந்திருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும் என்றாராம் டாக்டர். முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள். சேர்க்கும் இடத்தில் இருந்த குமாஸ்தா கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தேதிக் கடிதத்தை இப்போதுதான் கொண்டுவருகிறீர்களா என்று மகளிடம் கேட்டிருக்கிறார். அவள் கடிதத்தைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதிவிட்டாள். தேதியைத் திருத்த எனக்குத் தோன்றவே இல்லை. பொய்க் காகிதம் தயாரிக்கிற ஆள் நான் இல்லை.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில். ஆமாம். கடிதம் மூன்றாம் தேதி வந்தது. இருபத்தாறு நாள் என்னிடம் இருந்தது. கால் போகும் என்று நர்ஸ் சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்துதான் கட்டை மாற்ற வேண்டாம் என்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நேற்று வார்டுக்குப் போயிருந்தேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன். அந்த அம்மாவின் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. மகள் கட்டில் ஓரமாக நின்றிருந்தாள். இனி நின்று தேய்க்க முடியாதே, உட்கார்ந்து தேய்க்கிற மாதிரி மேஜையைக் குள்ளமாக அறுத்துத் தருவார்களா அக்கா என்று கேட்டார். பார்க்கலாம் என்றேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ என்னென்னமோ சொல்றா. நீங்க சொல்லுங்க அக்கா, நம்புறேன். லெட்டர் எப்ப வந்துச்சு?"

"உங்களைக் கூட்டிட்டு வந்தேன்ல, அதுக்கு முந்தின நாள்தான்மா."

அவர் முகம் தெளிந்துவிட்டது. மகள் பக்கம் திரும்பி, "கேட்டியா? இவங்களைப் போயி தப்பா நெனச்சியே, நாக்கு அழுகிடும்டி" என்று திட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வேலையில் நம்மைப் புரிந்துகொள்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மன்னிப்பாவது கேட்பாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கேட்கவில்லை. பரவாயில்லை, சின்னப் பெண். நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.