வேன் அக்காவின் வண்டிக்கென்று ஒரு ஃபைல்

அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீளுமோ என்ற கவலையில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பெயின்டர் அண்ணன் அவர்களே! நரைத்த தலையும் கிரீஸ் படிந்த நகமுமாய் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பெருமிதத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே! ஸ்பானரைச் சட்டைப்பையில் போட்டபடியே ஓடிவந்திருக்கும் தொழில் தோழர்களே! அனைவருக்கும் வணக்கம்.

என்ன தம்பி? வாசலில் ஒரு வண்டி ஓடிக்கொண்டே நிற்கிறதா? நிற்கட்டும், நிற்கட்டும். நான் முடிக்கும்வரை அதை யாரும் அணைக்க வேண்டாம்.

வண்டிக்கு இதயம் இன்ஜின் என்றால், மூளை எது? உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்! அந்த மூளையைத் திறந்தால் என்ன தெரியும்? எண்கள்! எண்களுக்குப் பின்னால் எண்கள்! அவற்றில் எது இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அளவு, எது விசிறியின் வேகம்? அதைச் சொல்வதுதான் டெஃபினிஷன் ஃபைல். சமையலறை டப்பாவில் ஒட்டிய பெயர்ச்சீட்டு மாதிரி. சீட்டு மாறினால், சர்க்கரை என்று நினைத்து உப்பை அள்ளிப் போடுவோம்.

நாங்கள் அள்ளித்தான் போட்டோம் ஐயா!

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் அக்கா ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பட்டறைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "ஒவ்வொரு சிக்னல்லயும் வண்டி அணைஞ்சு போகுது தம்பி. திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைங்கள வேற வண்டியில அனுப்பறோம்னு பெத்தவங்க சொல்லிட்டாங்க. இத விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?" என்றார்.

லேப்டாப் வேலையில் கெட்டிக்காரனான என் மச்சான், இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் போட்டிருந்த ஃபைலை இறக்கினான். லேப்டாப்பை வேனின் கம்ப்யூட்டரோடு இணைத்து, திரையில் 'பெட்ரோல்' என்று காட்டிய கட்டத்தில் எண்ணைக் கூட்டினான். இன்ஜின் வழக்கம்போல அணைந்தது, ரேடியேட்டர் விசிறி உறுமியது. இன்னும் கூட்டினான். இன்ஜின் மறுபடியும் அணைந்தது. விசிறியோ பட்டறைத் தூசி முழுவதையும் கிளப்பிவிட்டது!

அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "நல்லா இருக்கு உங்க வைத்தியம்! ஓட வேண்டியது நிக்குது, நிக்க வேண்டியது ஓடுது!" என்றாரே பார்க்கலாம். சிரிக்கிறீர்கள்! அன்றைக்கு எனக்குச் சிரிப்பா வந்தது?

மச்சான் தலையில் கைவைத்தான். "மாமா, இன்ஜின் ஒண்ணுதான். ஆனா இந்த ஃபைல் இதுக்கு அடுத்த வருஷம் வந்த வண்டிக்கு எழுதினது. உள்ள எல்லாமே இடம் மாறிக் கெடக்கு." எந்த வருடத்து வண்டி என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் புண்ணியவானுக்குக் கையா ஒடிந்து போயிருக்கும்?

முதலில் பழைய எண்களையே திருப்பிப் போட்டோம். பிறகு சனியும் ஞாயிறும் உட்கார்ந்து, அந்த வேனுக்கென்றே சொந்தமாய் ஒரு ஃபைல் எழுதினோம். ஒரு கட்டத்தைத் துளி மாற்றுவோம். இன்ஜின் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். உறுதியானால்தான் அதற்குப் பெயர் வைப்போம். உண்மையான பெட்ரோல் கட்டம் அகப்பட்டதும் மச்சான் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. அதில் கொஞ்சம் கூட்டினோம். "அணையலையே தம்பி, அணையலையே!" என்று அக்கா கண் கலங்கினார்.

அந்த ஃபைலைத்தான் இன்று உங்கள் எல்லோருக்கும் கொடுக்கிறோம். பூட்டி வைக்கவா எழுதினோம்? பொத்திப் பொத்தி மறைக்கவா எழுதினோம்? எடுத்துக்கொள்ளுங்கள்! திருத்துங்கள்! ஆனால் தோழர்களே, எந்த வண்டி, எந்த வருடம், எதைச் சோதித்தோம், எதைச் சோதிக்கவில்லை என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்! உங்கள் அந்த ஒரு வரியை நம்பி, முகம் தெரியாத ஓர் அக்கா எங்கோ ஒரு பட்டறையில் காத்திருக்கிறார்!

இப்போது கொஞ்சம் பேசாமல் இருங்கள். வாசல் பக்கம் காது கொடுங்கள். கேட்கிறதா? சிக்னலுக்குச் சிக்னல் அணைந்த வேன் அதுதான்! நான் வணக்கம் சொன்னதிலிருந்து இந்த நிமிடம் வரை ஒருமுறைகூட அணையவில்லை. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கெல்லாம் என் நன்றியும் வணக்கமும். அக்கா, பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது. பிள்ளைகள் காத்திருப்பார்கள், கிளம்புங்கள்!