யாசுவோட அம்மா

இசைவாணி: பஸ்ல உக்காந்து இப்பிடி மூக்க உறிஞ்சினா, நான்தான் உன்ன என்னமோ பண்ணிட்டேன்னு நெனைப்பாங்கடா.

சபேஷ்: சளி.

இசைவாணி: சளியாம்... கண்ணுலயா?

கண்டக்டர்: எங்கம்மா போவணும்? தம்பி ஏன் அழுவுது?

இசைவாணி: ரெண்டு சிதம்பரம். ஜப்பான்ல ஒரு சாவுண்ணே.

கண்டக்டர்: அடப்பாவமே! நெருங்குன சொந்தமா?

இசைவாணி: நீங்களே கேளுங்க... மங்கா வரையறவராம்.

கண்டக்டர்: மாங்காவா?

சபேஷ்: மங்காண்ணே! ஜப்பான் படக்கத. டிவில ‘இரும்புக் கொக்கு’ன்னு கார்ட்டூன் வந்துச்சே, அத மொதமொதல்ல வரைஞ்சவரு.

கண்டக்டர்: பொம்ம போடறவருக்கா... சரி சரி, உள்ள தள்ளி உக்காரு.

இசைவாணி: அவரு மூஞ்சியப் பாத்தியா? தானே புயல்ல வூட்டுக்கூர பறந்தப்ப கல்லு மாதிரி நின்னவன்டா நீ!

சபேஷ்: சிரி, சிரி. ஆறாங்கிளாஸ்ல தினம் சாப்பாட்டு மணிக்கு எனக்கு அந்தக் கதைய சொன்னது யாரு?

இசைவாணி: “எங்க வீட்ல டிவி இல்ல”ன்னு நீதான் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்த. பாவமேன்னு சொன்னேன்.

சபேஷ்: அவரு போயிட்டாருன்னு தெரிஞ்சதும் பிரௌசிங் சென்டர்ல உக்காந்து முழுசும் படிச்சேன் வாணி.

இசைவாணி: ...ஓ.

சபேஷ்: என்ன ஓ? ஹீரோ யாசு எங்க சண்ட போட்டாலும் அவன் அம்மா கொக்கு மேல ஏறி, தூக்குவாளில சோறு எடுத்துக்கிட்டு வருவான்னு சொன்னியே... அது எங்க இருக்கு?

இசைவாணி: ஜன்னல மூடு. சிப்காட் கெமிக்கல் நாத்தம் கொடலப் புடுங்குது.

சபேஷ்: பேச்ச மாத்தாத. அரக்கனுக்கு முருங்கக்கீரக் கொழம்பு ஊத்தித் திருத்துனாளே, அது?

இசைவாணி: அது... தமிழ்ல பேசறப்ப மாத்தியிருப்பாங்க.

சபேஷ்: படத்தையுமா மாத்துவாங்க? மூக்குத்தி போட்டிருந்தான்னு வேற சொன்ன!

இசைவாணி: ஏண்டா, ஜப்பான்ல முருங்கக்கீரன்னு நான் சொன்னப்ப வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டது நீ. மறுநாளும் வந்து, “அப்புறம்?”னு நின்ன. இதுல யாருடா மாங்கா?

சபேஷ்: ஒத்துக்கோ. உங்க வீட்ல கேபிளே இல்ல.

இசைவாணி: ஆமா, இல்ல. அப்பாவுக்கு வேல போனதும் கேபிள்காரன் வயர வெட்டிட்டான். போதுமா? கீழவீதி பெரிய வூட்டுப் புள்ள இதச் சொல்லிக்காட்டத்தான் என்கூட பஸ் ஏறுனியா?

சபேஷ்: எங்க வீட்ல டிவி இருந்துச்சு.

இசைவாணி: என்னது?

சபேஷ்: கேபிளும் இருந்துச்சு. சாயங்காலம் பாத்துட்டு... மறுநாள் வந்து உன்ன சொல்லச் சொல்லுவேன்.

இசைவாணி: அடப்பாவி! வருஷம் பூரா என்ன லூசாக்கிட்டு... பசங்ககிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சியா?

சபேஷ்: மொதல்ல சிரிச்சேன். சிரிக்கறதுக்குத்தான் வந்தேன்.

இசைவாணி: நாயே... அப்புறம்?

சபேஷ்: அப்புறம் ஒருநா டிவில யாசுவோட அம்மா செத்துட்டா. மறுநா நீ சொன்னதுல... அவ பாட்டுக்கு சோறு எடுத்துக்கிட்டு வந்தா. எங்கம்மா செத்துப்போன மாசமும் அவ வந்தா. அதக் கேக்கத்தான் வந்து வந்து நின்னேன். உனக்கு எங்க தெரியும், டிவில யாசு அம்மா செத்தது! உங்க வூட்டு வயர வெட்டுனானே, அவனுக்கு நான் மால போடணும்.

இசைவாணி: கேபிள் இல்லன்னுதான சொன்னேன், கண்ணு இல்லன்னா சொன்னேன்? பக்கத்து வூட்டு மங்கலம் அக்கா ஜன்னல்ல தொங்கிக்கிட்டு நானும்தான்டா பாத்தேன், அவ செத்தத. அன்னிக்குத்தான் உங்கம்மாவ பாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. மறுநா நீ வந்து, “யாசு அம்மா என்ன ஆனா?”ன்னு கேக்கற... என்னத்தடா சொல்லச் சொல்ற?