பெற்ற பயன்: மனைவி, ஒன்று

நடு நாற்காலியை நடுக்கமின்றி நிறைத்திருக்கும் தலைவர் அவர்களே, தலைவரின் தலை சாயும்போதெல்லாம் தட்டி எழுப்பும் பொருளாளர் அவர்களே, முழங்கால் வலியையும் மறந்து முன்வரிசையில் முகமலர்ந்திருக்கும் பெரியோர்களே, என் பேச்சைத் தவிர எல்லாப் பேச்சையும் பேசிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, தேநீர் வருகிறதா என்று கதவையே பார்த்திருக்கும் தோழர்களே, அனைவரையும் வணங்கி, நம் துணையிருப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கை இந்த ஆண்டு பட்ட பாட்டைச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஆண்டறிக்கை என்றதும் எழுந்திருக்காதீர்கள். உட்காருவதற்காகவே உருவான சங்கம் இது. உறுப்பினர்களே எழுந்து போனால் ஊர் என்ன சொல்லும்? என்ன அங்கே, துணைத் தலைவர் நாற்காலி காலியாக இருக்கிறதா? இருக்கட்டும் ஐயா, அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

நாம் என்ன செய்கிறோம்? மருத்துவமனைக்குத் தனியாக வந்து, தவித்து, தலைகுனிந்து காத்திருப்பவர் பக்கத்தில் போய் உட்காருகிறோம். மருந்து தருவதில்லை, பணம் தருவதில்லை, புத்திமதி தருவதே இல்லை. புத்திமதி தந்த இருவரை நீக்கிவிட்டோம். உட்காருகிறோம், அவ்வளவுதான். அவ்வளவுதானா? உள்ளே பெயர் கூப்பிடும்போது பையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டாமா? "போய்ட்டு வாங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்ல ஒரு வாய் வேண்டாமா?

ஆனால் பதிவு பெற்ற சங்கம் என்ற அட்டை இருந்தால்தான் வாயிற்காவலர் நம்மை உள்ளே விடுவார். ஆண்டறிக்கையை அறநிறுவனப் பதிவு அலுவலகம் ஏற்றால்தான் அட்டை செல்லும். இந்த ஆண்டு அறிக்கை போனது, திரும்பியது, போனது, திரும்பியது, மறுபடியும் போனது, மறுபடியும் திரும்பியது.

முதல் தடவை, 'செயல்பாடுகள்' என்ற கட்டத்தில் 'உட்கார்ந்தோம்' என்று எழுதினேன். 'உட்கார்ந்து என்ன செய்தீர்கள்?' என்று கேட்டு வந்தது. 'பிறகு எழுந்தோம்' என்று எழுதச் சொன்னார் பொருளாளர். அடுத்த தடவை, 'சங்கத்தை எதிர்நோக்கும் இடர் எது?' என்று கேட்டார்கள். தலைவர் 'நாற்காலி' என்றார். ஏன் என்று அவரைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவதாக வந்தது வினையான வினா. 'நிர்வாகிகள் சங்கத்தால் அடைந்த பயன் ஏதேனும் உண்டா?' எல்லோரும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டோம். நம் துணைத் தலைவரோ தையல்காரர். மிஞ்சிய துணியில் விரலளவு துண்டையும் மடித்துத் திருப்பித் தருகிற மனிதர். அவர் எழுதினார்: 'மனைவி, ஒன்று.'

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் எழுதியது உண்மை. தன் தாயின் அறுவை சிகிச்சைக்காக ஒரு பெண் தனியாகக் காத்திருந்தார். பேருந்து நடத்துநர். பக்கத்தில் போய் உட்கார்ந்தவர் நம் தையல்காரர். அன்று அவர் பேசியதெல்லாம் "தண்ணி வேணுங்களா?" என்ற ஒன்றுதான். அது கல்யாணத்தில் முடிந்தது.

"யோவ், இதையெல்லாமா எழுதுவாங்க?" என்றேன்.

"சங்கம் இல்லைன்னா அவளை நான் பாத்திருக்கவே மாட்டேன்ணே. மறைச்சா பொய்யில்லையா?"

அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. 'பயனின் மதிப்பைக் குறிப்பிடுக. முன் அனுமதியின்றிப் பெற்றிருப்பின், வழிகாட்டுதலின்படி அதைச் சங்கத்திடமே திருப்பி ஒப்படைக்கவும். தவறினால் பதிவு ரத்து.'

அவசரக் கூட்டம் கூடினோம். ஒப்படைத்தால் எங்கே வைப்பது? சொத்துப் பட்டியலில் மேசைக்கும் மின்விசிறிக்கும் கீழே சேர்த்து, வருடா வருடம் தேய்மானம் கழிக்கலாம் என்றார் பொருளாளர். "அதை அந்தம்மா முன்னாடி சொல்லிப் பாருங்க" என்றேன், வாபஸ் வாங்கிக்கொண்டார். தம் வீட்டில் இடமில்லை என்று தலைவர் சொல்லுமுன், தலைவரின் துணைவியாரே தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

தையல்காரர் சிரிக்கவில்லை. கடையில் ஒரே சட்டைக்கு மூன்று கை வைத்துத் தைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "என்னால சங்கம் மூடிடுமாண்ணே? அவளை எப்படிண்ணே திருப்பிக் குடுப்பேன்?" என்று அழுதார்.

அன்று மாலையே, அறிக்கை ஏற்கப்படாததால் அட்டை செல்லாது என்று காவலர் என்னை மருத்துவமனை வாயிலில் நிறுத்திவிட்டார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், உள்ளே போன மனைவியின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலி. நான் வெளியே நின்றேன். உட்காரத் தெரிந்தும் உட்கார முடியாமல் நின்றேன் ஐயா.

மறுநாள் நடத்துநர் அம்மையார் சீருடையோடு பதிவு அலுவலகம் போனார். பின்னால் நாங்கள்.

அதிகாரி அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் அந்தப் பயனா?"

"இல்லைங்க மேடம், இவர் தப்பா எழுதிட்டாரு. அன்னிக்கு யாருமில்லாம உக்காந்திருந்தது நான். உதவி வாங்கினவ நான். சங்கம் எனக்குக் குடுத்த உதவிதான் இந்த ஆளு."

அதிகாரி வழிகாட்டுதல் புத்தகத்தைப் புரட்டினார். "அப்போ இவரு..."

"பொதுமக்களுக்குச் செஞ்ச உதவிங்க. அந்தப் பொதுமக்கள் நான். திருப்பிக் கேக்கறதா இருந்தா என்கிட்டதான் கேக்கணும். நான் தர மாட்டேன்."

கேட்டீர்களா தாய்மார்களே? சட்டம் படித்தவர் சொன்ன வாதமா அது? சபை கூடிச் சமைத்த வாதமா? சொந்தம் என்று பிடித்த கையை விடமாட்டேன் என்ற ஒருத்தியின் வாதம். அதிகாரி சிரிக்கவில்லை. பழைய கட்டத்தை அடித்தார். 'வழங்கிய உதவி' என்ற கட்டத்தில் 'தையல்காரர், ஒருவர்' என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"உதவி முடிஞ்சிருச்சா, தொடருதான்னு கேட்டிருக்கும்மா. என்ன போடட்டும்?"

நடத்துநர் அம்மையார் திரும்பிப் பார்த்தார். சுவரோரம், மனைவியின் பையை மடியில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் தையல்காரர்.

"தொடருதுன்னு போடுங்க" என்றார்.

அறிக்கை ஏற்கப்பட்டது. அன்று மாலையே, செருப்பை மடியில் வைத்திருந்தவர் பக்கத்து நாற்காலி நிறைந்தது. இப்போதும் தையல்காரரும் அவர் மனைவியும் அங்கேதான் இருக்கிறார்கள், அதனால்தான் இந்த மேடையில் துணைத் தலைவர் நாற்காலி காலி. அந்தக் காலி நாற்காலிதான் நம் சங்கத்தின் கௌரவம்.

தூங்கியும் தலைமை தாங்கிய தலைவருக்கும், தேநீர் தராமலே உங்களைக் கட்டிப்போட்ட சமையற்கூடத்தாருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. நான் இப்படியே மருத்துவமனைக்குக் கிளம்புகிறேன். என்னைத் தனியாக அனுப்ப மாட்டீர்கள் என்ற நம்பிக்கையோடு, வணக்கம்.