அவளுக்கு மட்டும் ஒரு ஜோடி

— செருப்பா? பொண்டாட்டிக்கு ஆசையாக் குடுக்கதுக்குச் செருப்பா? செருப்புக் கடைக்காரன் நானே சொல்லுதேன் தம்பி, வேண்டாம். மச்சான் துபாய்ல இருந்து கொண்டாந்த சென்ட் இருக்கு, தாரேன்.

— சென்ட் சரிப்படாது பாய். மறுநாளே எங்க வீட்டு அஞ்சு பொம்பளையும் ஒண்ணுபோல மணப்பாளுக.

— அப்ப பூ?

— வாசல்லயே அம்மா கிள்ளிப் பங்கு வச்சிருவா. அம்மாவுக்கு, அத்தைக்கு, தங்கச்சி ரெண்டு பேருக்கு. கடைசியில குழல்வாய்மொழிக்கு நாரு.

— சேலை?

— தீவாளிக்கு அரக்குக் கலர்ல எடுத்தேன்லா! "ஒரு கல்யாணத்துக்கு உடுத்திட்டுத் தாரேன்"னு ஒவ்வொருத்தியா வாங்கி, ஊரெல்லாம் சுத்தி, போன வாரந்தான் அவ கைக்கே வந்துச்சு.

— நீங்க குற்றாலநாதன், அந்தப் புள்ள குழல்வாய்மொழி. குத்தாலக் கோயில் சாமியும் அம்மனும் மாதிரி பேரு மட்டும் என்னமாப் பொருந்திருக்கு!

— அந்த வயித்தெரிச்சல ஏன் கேக்குதீக. குத்தாலத்துல அம்மனுக்குத் தனிச் சன்னதி இருக்கு. எங்க வீட்டு அம்மனுக்குத் தனியா ஒரு சோப்பு டப்பா கூடக் கெடையாது. நேத்து அழுதுட்டா பாய். "எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு வாங்கித் தாங்க, இன்னொருத்தி தொட முடியாததா. இல்லேன்னா ஆய்க்குடிக்கு பஸ் ஏறி அப்பா வீட்டுக்குப் போயிருதேன்"னுட்டா.

— சும்மா சொல்லும், போகாது.

— பைய எடுத்து வச்சிட்டா. அந்தப் பையும் எங்க அம்மாதுதான்.

— சரி, செருப்ப மட்டும் விட்டு வைப்பாகளா?

— அங்கனதான் என் மூளை வேலை செஞ்சிருக்கு. இவளுக்குச் சின்னக் காலு. மத்த நாலு பேருக்கும் அகலக் காலு. நொழையாதுல்லா?

— அட! அளவுக்குப் பழைய செருப்பு கொண்டாந்தீகளா?

— எங்க வாசல்ல கெடக்கதுல எது யாருதுன்னு அவளுகளுக்கே தெரியாது. மொதல்ல கெளம்புறவளுக்கு நல்ல ஜோடி.

— அந்தப் புள்ளகிட்டயே கேட்டிருக்கலாமே?

— கேட்டா அம்மா காதுக்குத்தான் மொதல்ல போகும். இன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டு அஞ்சு பேரும் முந்தானைய மூஞ்சியில போட்டு வரிசையாத் தூங்குனாளுக. அரக்குச் சேலைதான் அடையாளம். பூனை மாதிரி போயி, காலண்டர் அட்டைய உள்ளங்கால்ல வச்சு, பேனாவால சுத்தி வரைஞ்சுட்டேன். இந்தா பாருங்க.

— ஆளு பெரிய கள்ளன்தான்! ...தம்பி, சின்னக் காலுன்னீக?

— ஆமா, ஏன்?

— இதுக்குப் பெரிய சைசுல்லா வேணும்.

— பாசத்துல கோடு கொஞ்சம் அகலமாப் போயிருக்கும்.

— பாசம் இம்புட்டு அகலத்துக்கா போகும்? இருங்க, ஆளு வருது. வாங்க, வாங்கம்மா! தம்பி, திரும்பிப் பாருங்க, அரக்குச் சேலை.

— குழல்வாய்மொழியா? அவ எப்படி இங்கன... அம்மா!

— ஏலே நாதா, இங்கனதான் நிப்பேன்னு தெரியும்லே. என்ன முழிக்க?

— அம்மா, இந்தச் சேலை...

— மருமவதான் குடுத்தா. "வச்சுக்கோங்க அத்தை, இனிமே இந்த வீட்டுல எனக்குன்னு எதுவும் வேண்டாம்"னு காலையில கையில குடுத்துட்டா. நல்ல புள்ள.

— எதுவும் வேண்டாம்னாளா? பாய், ஆய்க்குடி பஸ் எத்தன மணிக்கு?

— பஸ்ஸ விடுலே, உக்காரு. பாய், இவன் சொன்னானா? மத்தியானம் என் காலுல பேனாவால கிச்சுகிச்சு மூட்டுதான்.

— முழிச்சிக்கிட்டா இருந்தீக?

— பின்ன? கூச்சத்துல உசுரே போச்சு. கட்டுன மனுசன் கூட எனக்குன்னு ஒரு செருப்பு எடுத்துத் தந்ததில்ல பாய். அசைஞ்சா எம்புள்ள போடுத அளவு தப்பிருமேன்னு மூச்சக்கூட விடாமக் கெடந்தேன்.