ஸ்னைப்பராக நிற்கலாமோ

"அக்கா, என்னை ஸ்னைப்பரா வரட்டாம். போகலாமோ எண்டு யோசிக்கிறன்."

மானிப்பாயில் ஏறிய பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையிலிருந்து கேட்டது. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். சொன்னவன் கனடாவிலிருந்து லீவில் வந்த இளைஞன். அருகில் இருந்தவர் அவனுடைய பெரியப்பாவின் மகள்.

"மெல்லக் கதை. என்னடா இது?"

"விளையாட்டு அக்கா. எயார்சொஃப்ட். எங்கடை ரீம் காட்டுக்குள்ளை பிளாஸ்டிக் குண்டாலை சுட்டு விளையாடுறது. மற்ற ஆக்கள் ஓடித் திரிவினம். ஸ்னைப்பர் மட்டும் தனியப் பதுங்கிக் கிடந்து தூரத்திலை வாறவனைச் சுடவேணும். எனக்குப் பொறுமை காணுமோ தெரியேல்லை."

"தூரத்திலை வாறவனை எப்பிடிக் காணுவாய்?"

"துவக்கிலை தூரத்தைக் கிட்டக் காட்டுற கண்ணாடி இருக்கு. அதுக்குள்ளாலை முகம் வடிவாத் தெரியும்."

அவர் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப சண்டை நேரம் எங்கடை அப்பாவைத் தூரத்திலை இருந்து சுட்டவனும் அவரின்ரை முகத்தை வடிவாப் பாத்திருப்பான், என்ன?"

அவன் போனை எடுத்தான்.

"நான் மாட்டன் எண்டு எழுதிவிடுறன் அக்கா."

"அது உன்ரை விருப்பம். மறிக்கிறதுக்கு நான் கேட்கேல்லை. சைக்கிளிலை மரக்கறியோடை வந்த மனுசனை, ஆர் எண்டு விளங்காமல் சுட்டுப்போட்டான் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."