அச்சு இறுகுற வரைக்கும்

இல்ல சார், இன்னைக்கு ஊசியெல்லாம் கிடையாது. அச்சு எடுக்கறது மட்டும்தான். தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறீங்கல்ல, அதுக்கு ஒரு உறை செய்யணும், உறை செய்ய உங்க பல்லோட அச்சு வேணும், அவ்ளோதான். டாக்டர் ஹால்வர்சன் கடைசியில வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போவாங்க. மத்ததெல்லாம் நான்தான். என் பேரு மாரிட். இந்தத் துணியைக் கழுத்துல கட்டிடறேன், சட்டையில ஒழுகாம இருக்கும். ரிட்டயராகி ஆறு வருஷம் ஆச்சா? ஆறு வருஷமாவா கடிக்கிறீங்க? அப்பிடி யாரை நெனச்சு சார் கடிக்கிறீங்க?

சரி சரி, கேக்கல. வாயைத் திறங்க, அச்சுத் தட்டு அளவு பாத்துக்கறேன். ம், நடு சைஸ் போதும். மூடிக்கலாம்.

சிரிச்சுக்கிட்டே இருக்கேன்னு பாக்கறீங்களா? காலைலேருந்தே இப்பிடித்தான். பக்கத்து ரூம்ல டார்லா இருக்காங்களே, காபி குடிக்காமயே உனக்கு இவ்ளோ ஆட்டமான்னு கேட்டுட்டாங்க. விஷயம் என்னன்னா சார், இன்னைக்குதான் அந்த நாள். பல் டாக்டர் காலேஜுங்க, இடம் கெடச்சவங்களை ஃபோன்ல கூப்பிடற நாள். டிசம்பர்ல இன்னைக்குத்தான் ஆரம்பிப்பாங்க, இதுக்கு முன்னாடி யாருக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு அவங்களுக்குள்ள பேச்சு. இடம் உண்டுன்னா ஃபோன் வரும். இல்லன்னா ஃபோனே வராது, என்னைக்காவது மெதுவா ஒரு மெயில் வரும். அவ்ளோ மரியாதையா எழுதியிருப்பாங்க, படிச்சா நமக்கே அவங்க மேல பாவமா இருக்கும். எங்கிட்ட அந்த மாதிரி பதினேழு மெயில் இருக்கு.

ஆமா சார், எனக்குத்தான். முப்பத்தொரு வயசு. மூணாவது தடவை விண்ணப்பம் போடறேன். இத்தோட சரி, இதுக்கு மேல போட மாட்டேன்னு கர்ட் கிட்ட சொல்லிட்டேன். கர்ட் என் வீட்டுக்காரர்.

ஃபோன் இந்த இடது பாக்கெட்ல இருக்கு. வேலை நேரத்துல வச்சுக்கக் கூடாது, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் டாக்டர் விட்டிருக்காங்க. போன வருஷம் இதே நாள் பத்து மணிக்கு அடிச்சுது சார். எடுத்து, ரொம்ப நன்றிங்க, கண்டிப்பா வந்து சேந்துக்கறேன், உங்களை ஏமாத்த மாட்டேன்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சிட்டேன். அந்தப் பக்கம் கார் இன்சூரன்ஸ் விக்கிறவன். அவனுக்கு வாழ்க்கையில அப்பிடி ஒரு ஆள் கெடச்சதே இல்ல போல, அழற மாதிரி ஆயிட்டான். பாலிசியும் எடுத்துட்டேன், வேற என்ன பண்றது.

இருங்க, அச்சு மாவைக் கலந்துடறேன். பிங்க் கலர்ல இருக்கும், புதினா வாசனை அடிக்கும், மோசமில்ல. என்ன சார்? பாட்டில் வேர்த்திருக்கா? அட, கவனிச்சிட்டீங்களே. ஆமா, ஃபிரிட்ஜ் தண்ணிதான். ஏன்னு அப்புறம் சொல்றேன். வாயை நல்லாத் திறங்க. அப்பிடித்தான். தலையைக் கொஞ்சம் முன்னாடி சாச்சு, மூக்கால மூச்சு விடுங்க. இது இறுகுற வரைக்கும் நான் ரெண்டு கையாலயும் அமுத்திப் பிடிச்சிருக்கணும், ஆடுனா அச்சு கெட்டுடும். நீங்க பேச முடியாது. சரின்னா கட்டைவிரலைத் தூக்குங்க. ஆங், சமத்து.

என் மார்க் லிஸ்ட்டைப் பாத்தா ஒரே ஆளு எழுதின பரீட்சை மாதிரியே இருக்காது சார். உயிரியல்ல ஏ. சிற்ப வகுப்புல ஏ. பக்கத்துலயே கரிம வேதியியல், டி கிரேடு. டி-ன்னா ஃபெயில்னும் சொல்ல மாட்டாங்க, பாஸ்னும் எந்தக் காலேஜும் எடுத்துக்காது. அந்த ஒரு எழுத்து பத்து வருஷமா என் கூடவே வருது, ஷூவுல ஒட்டின சூயிங் கம் மாதிரி.

வாங்கினதுக்குக் காரணம் இருக்கு. அப்போ ஐஸ் ஹாக்கி மைதானத்துல ஸ்கேட் பிளேடு தீட்டற வேலை பாத்தேன், விடியக்காலம் அஞ்சு மணிக்கு. பசங்க பிராக்டிசுக்கு வரதுக்குள்ள நாப்பது ஜோடி. அது எனக்கு அவ்ளோ பிடிக்கும் சார், விரல்லயே தெரியும் எந்தப் பக்கம் மழுங்கியிருக்குன்னு. அங்கதான் ஒரு பையனுக்கு முன்பல்லு ஐஸ்ல தெறிச்சு விழுந்தது. பொறுக்கி, கப்புல பாலை ஊத்தி அதுல போட்டு, அவனையும் வண்டியில போட்டுக்கிட்டு இதே கிளினிக்குக்குத்தான் வந்தேன். டாக்டர் அந்தப் பல்லைத் திருப்பி வச்சாங்க. நான் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன், அந்தப் பையனை விட அதிகமா. அன்னைக்கு முடிவு பண்ணதுதான். ஆனா அஞ்சு மணிக்கு எந்திரிச்சவ எட்டு மணி வேதியியல் வகுப்புல என்ன பண்ணுவா? தூங்குவா. நல்லாவே தூங்கினேன்.

பொறுங்க, இன்னும் இறுகல. கொழகொழன்னு இருக்கு. மூக்கால, மூக்கால.

மொதல் தடவை என்ன பண்ணேன்னா, அந்தப் பாடத்தை வேற ஒருத்தர்கிட்ட மறுபடி படிச்சு ஏ வாங்கிட்டேன். எங்க யூனிவர்சிட்டி லிஸ்ட்ல டி போயி ஏ வந்துடுச்சு. ஒழிஞ்சுதுடா சனியன்னு, விண்ணப்பத்துல ஏ-வை மட்டும் எழுதி அனுப்பிட்டேன். ஆனா விண்ணப்பம் வாங்கறவங்க கணக்கே வேற சார். எத்தனை தடவை படிச்சியோ அத்தனையும் எழுதணும், அத்தனையும் சேத்துத்தான் சராசரி. மறைச்சா அப்பிடியே திருப்பி அனுப்பிடுவாங்க. அனுப்பிட்டாங்க. அதைச் சரி பண்ணி மறுபடி போடறதுக்குள்ள அக்டோபர் முடிஞ்சு போச்சு, முன்னாடி போட்டவங்கள்லாம் நேர்காணலே முடிச்சிட்டாங்க.

ரெண்டாவது தடவை டி-யைப் பெருசா எழுதி, எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க, அதான் மார்க் போச்சுன்னு கட்டுரையில உருகியிருந்தேன். பொய் இல்ல, இருந்தாங்க. நேர்காணல்ல ஒரு அம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, எத்தனை நாள் இருந்தாங்கன்னு கேட்டாங்க. நாலு நாள், குடல்வால் ஆபரேஷன்னேன். வகுப்பு எத்தனை நாள் நடந்துச்சுன்னாங்க. பதினாறு வாரம். அந்த அம்மா கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கிட்டாங்க சார்.

இந்தத் தடவை எதையும் விடல. நுழைவுத் தேர்வை மறுபடி எழுதினேன், சாயங்கால வகுப்புல உயிர்வேதியியல் எடுத்தேன், அதுல ஏ. கை பழகணும்னு சோப்புல பல்லு செதுக்கினேன். எங்க வீட்டுல முழு சோப்பே கிடையாது இப்போ, எல்லாம் கடைவாய்ப் பல்லு. கர்ட் அதை வச்சுத்தான் குளிக்கிறாரு. கட்டுரையில உள்ளதை உள்ளபடி எழுதிட்டேன், தூங்கினேன்னு. அப்புறம் அந்த வாத்தியாரைப் பத்தியும் எழுதினேன்.

டி குடுத்தவரைத்தான் சொல்றேன். ரெண்டு மார்க் போட்டா சி ஆயிடும்னு அவர் ரூமுக்குப் போயி கெஞ்சினேன். முடியாதுன்னுட்டாரு. குரலே உசரல. லேப்ல உன் கை மாதிரி இன்னொரு கையை நான் பாத்ததில்ல, ஆனா பரீட்சை எழுதினது உன் கை இல்ல, உன் தூக்கம்தான்னாரு. வெளிய வந்து வண்டியில உக்காந்து அழுதேன். மூணு வருஷம் அந்த ஆள் மேல கொதிச்சுக்கிட்டு இருந்தேன் சார். நாலாவது வருஷம்தான் அவர் சொன்னதுல மொதல் பாதி, கையைப் பத்தினது, காதுல விழுந்துது. அந்த மொதல் பாதியை வச்சுத்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

இந்த அக்டோபர் நேர்காணல்லயும் அதே கண்ணாடி அம்மா. அந்த மார்க் நியாயமான்னாங்க. சரியான மார்க்குங்க, நான் திருத்தியிருந்தாலும் அதான் போட்டிருப்பேன்னேன். ஏதோ எழுதிக்கிட்டாங்க. என்ன எழுதினாங்கன்னு ரெண்டு மாசமா மண்டை காயுது.

என்ன சார் விரலைக் காட்டறீங்க? வலிக்குதா? இல்ல... ஐயோ. பாக்கெட்டு. அடிக்குது. அடிக்குது சார், என் கை உங்க வாயில இருக்கு. விட்டா அச்சு போயிடும். நீங்களே எடுங்க, இடது பாக்கெட், ஆங். காட்டுங்க. காலேஜ் இருக்கற ஊரு நம்பர்தான். எடுக்காதீங்க. இல்ல இல்ல, எடுங்க, அந்தப் பச்சையைத் தள்ளுங்க, என் காதுல வைங்க. நீங்க ஆடாதீங்க. நானும் ஆடல.

ஹலோ. ஆமாங்க, மாரிட் ஹெல்கெசன்தான். பேசலாங்க, கை மட்டும் ஒருத்தர் வாய்க்குள்ள இருக்கு. ம். ம். நீங்க கார் இன்சூரன்ஸ் இல்லல்ல? சரிங்க. ஆகஸ்ட்டா? வரேங்க. இல்லீங்க, அழல, நல்லாத்தான் இருக்கேன். வரேங்க.

வச்சிடுங்க சார். சிவப்பு. பாக்கெட்லயே போட்டுடுங்க. ரொம்ப நன்றி.

ஆகஸ்ட்ல ஆரம்பம்.

கட்டைவிரல் போதும் சார், ரெண்டு கையும் வேண்டாம், ஆடுது. ம்... வழக்கமா இது ரெண்டு நிமிஷத்துல இறுகிடும். ஜில்லுன்னு இருக்கற தண்ணியில கலந்தா நாலு நிமிஷம் ஆகும். சூடு குறைஞ்சா வினை மெதுவா நடக்கும்னு நீங்கதானே பலகையில எழுதிப் போட்டீங்க, புரொஃபசர் கெல்னர். நான் முழிச்சிருந்த ரெண்டு மூணு வகுப்புல அது ஒண்ணு.

மூணாவது வரிசை, சுவரோரம். தலை சாஞ்சே இருக்கும். ஞாபகம் வரலன்னா பரவால்ல. நீங்க டார்லாவோட பேஷன்ட் சார். லிஸ்ட்ல உங்க பேரைப் பாத்துட்டு, ரெண்டு சனிக்கிழமை அவங்களுக்குப் பதிலா வரேன்னு சொல்லி மாத்திக்கிட்டேன். ஃபோன் வந்தா நீங்க பக்கத்துல இருக்கணும்னு தோணுச்சு. வரலன்னா, உங்களைப் பேச விடாம நாலு நிமிஷம் திட்டிக்கலாம்னும் தோணுச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

கண்ணுல என்ன சார் தண்ணி? ஆட்டாதீங்க, முடிஞ்சுது. இறுகிடுச்சு, எடுத்துடறேன். பாருங்க, ஒரு குமிழி இல்ல, ஒரு கிழிசல் இல்ல. இதுக்கு என்ன கிரேடு குடுப்பீங்க?

இருங்க, இப்ப சொல்லாதீங்க. மொதல்ல கொப்பளிங்க. கீழ்ப்பல்லு இன்னும் பாக்கி இருக்கு, தண்ணியும் ஜில்லுன்னுதான் இருக்கு.