சீசன் முடிந்த ஊர்

— இத்தனை மாத்திரை எதுக்கு அண்ணி?

— எந்த மாத்திரை?

— போர்வை எடுக்கலாம்னு அலமாரியைத் திறந்தேன். கீழ இழுப்பறை முழுக்க அட்டை அட்டையா கிடக்கு. அத்தனையும் தலைவலி மாத்திரை. ஒண்ணுகூடப் பிரிக்கலை. அண்ணன் போன துக்கத்துல நீங்க ஏதாவது...

— அட பைத்தியமே! உக்காரு முதல்ல. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை. எனக்கு ஆயுசுல தலைவலியே வந்ததில்லை பாப்பா. உங்க அண்ணனைத் தவிர.

— சிரிக்காதீங்க அண்ணி. அப்ப எதுக்கு வாங்கினீங்க?

— பேசறதுக்கு.

— யார்கிட்ட?

— மருந்துக்கடைக்காரர்கிட்ட. கேட்டுக்கோ. சீசன் முடிஞ்சா ஐஸ்கிரீம் கடை, சோழிக் கடை, போட்டோக் கடை எல்லாம் ஷட்டரை இழுத்துவிட்டுட்டுப் போயிடுவாங்க. மிச்சம் அந்த ஒரு கடைதான். ஒண்ணும் வாங்காமப் போய் நிக்க முடியுமா? ஒரு அட்டை வாங்குவேன். 'இன்னும் விடலையாக்கா தலைவலி?'ம்பாரு. 'விட்டு விட்டு வருது'ம்பேன். 'எதுக்கும் கண்ணைக் காட்டிப் பாருங்க'ம்பாரு. அதை வெச்சுக்கிட்டு வாரத்தை ஓட்டிடுவேன்.

— கடவுளே. நீங்க வேலை பார்க்கற லாட்ஜ்லயாவது ஆள் இருப்பாங்கல்ல?

— சீசன்ல இருப்பாங்க. விரிப்பு தோய்ச்சு தோய்ச்சே கை வெந்துபோகும். இப்போ முதலாளி சாவியை என்கிட்டக் குடுத்துட்டு ஊரைப் பார்க்கப் போயிட்டாரு. ஆளே படுக்காத கட்டிலோட விரிப்பை எடுத்துத் தோய்ச்சுக்கிட்டு இருக்கேன்.

— படுக்காததை எதுக்குத் தோய்க்கணும்?

— உப்புக்காத்துல சும்மா கிடந்தாலே பிசுபிசுன்னு ஆயிடும். விரிப்பு மட்டுமா? நானுந்தான்.

— பக்கத்து வீட்டு டீச்சரம்மா எங்கே?

— மக பிரசவத்துக்குப் போனாங்க, அங்கேயே தங்கிட்டாங்க. எதிர்வீட்டு டிரைவர் குடும்பமும் காலி. அந்த வீட்டு ஜன்னல்ல ஒரு கொக்கி விட்டுப்போச்சு. நாள் பூரா டப்பு டப்புன்னு அடிக்கும். முதல்ல அவங்களைத் திட்டாத திட்டில்லை. அப்புறம் ஒருநாள் காத்து நின்னு போச்சு, சத்தமே இல்லை. எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கலை பாப்பா.

— எங்க அண்ணிக்கென்ன, வாசலைத் திறந்தா கடல்னு நான் பீத்திக்கிட்டுத் திரியறேன்.

— வர்றவங்களும் அதைத்தான் சொல்றாங்க, 'குடுத்து வெச்சவங்க'ன்னு. நாலு போட்டோ எடுத்துட்டு பஸ் ஏறிடுவாங்க. அப்புறம் அந்தக் கடலும் நானுந்தான். அது பாட்டுக்குப் பேசிட்டே இருக்கும், நாம சொல்றதை மட்டும் காதுல போட்டுக்காது. அப்படியே உங்க அம்மா.

— பாவம் எங்கம்மா. செத்தும் உங்க வாயிலருந்து தப்பலை. சரி, எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?

— போட்டேனே. நீ எடுத்தாலே பின்னாடி ஒரே சத்தம். சிரிப்பு, சண்டை, பாட்டு. 'பேரப்பிள்ளைங்க அண்ணி'ம்பே. நிறைஞ்ச வீட்டுல நம்ம புலம்பலை எதுக்குக் கொட்டணும்னு வெச்சுடுவேன்.

— அதுக்காக... சரி விடுங்க. பேசாம என்னோட கிளம்பி வந்துடுங்க அண்ணி.

— ஆரம்பிச்சுட்டியா உன் பாட்டை?

— மாடி ரூம் சும்மாதானே கிடக்கு. நீங்க எப்பவும் மாட்டேம்பீங்க.

— வீம்புதான். அவரு நடமாடின வீடுன்னு ஒரு சாக்கு வேற. ஆனா போன வாரம் குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்.

— அய்யோ! எங்க அடி? சொல்லவே இல்லையே?

— அடியெல்லாம் பெருசா இல்லை. கத்தணும்னு வாயைத் திறந்தேன். யாரைக் கூப்பிட்டுக் கத்தறதுன்னு தெரியலை. டீச்சரம்மா இல்லை, டிரைவர் இல்லை, உங்க அண்ணன் இல்லை. வாயை மூடிக்கிட்டு நானே சுவரைப் பிடிச்சு எழுந்தேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன். சரி பாப்பா, வர்றேன்.

— என்னது?

— வர்றேன்னு சொன்னேன். உன்னோட. மத்தியான பஸ்ஸைப் பிடிச்சுடலாம். அந்தப் பரண் மேல இருக்கற பெட்டியை எடு, உனக்குத்தான் எட்டும்.

— இன்னிக்கேவா அண்ணி?

— நாளைக்குன்னா மனசு மாறிடும். ஏன் அப்படியே நிக்கறே? சரி, ஸ்டூலைப் போட்டு நானே எடுத்துக்கறேன்.

— ஏறாதீங்க. பெட்டி வேண்டாம் அண்ணி.

— ஏன், உன் மருமக ஏதாவது சொல்லுவாளா? நான் ஒரு மூலையில கிடந்துட்டுப் போறேன். பிள்ளைங்களைக்கூடப் பார்த்துக்கறேன்.

— மருமக இங்க இல்லை அண்ணி. மகனும் இல்லை. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வெளிநாடு போயிட்டாங்க. வீட்டை வித்துட்டுத்தான் போனாங்க.

— வித்துட்டா? அப்ப அந்த மாடி ரூம்?

— மாடியும் இல்லை, ரூமும் இல்லை. ஒரு பொம்பளைங்க விடுதியில இருக்கேன். ஒரு ரூமுக்கு நாலு கட்டில். மத்த மூணும் வேலைக்குப் போற பொண்ணுங்க. காதுல எதையோ மாட்டிக்கிட்டு வருவாங்க, மாட்டிக்கிட்டே தூங்கிடுவாங்க.

— நான் போன்ல கேட்ட பிள்ளைங்க சத்தம்?

— விடுதிக் கூடத்துல ஓடற டிவி. உங்க நம்பரைப் பார்த்தா ஓடிப்போய் அதுகிட்ட நின்னுக்குவேன்.

— அடிப்பாவி! என்கிட்ட மறைக்கத் தோணுச்சா உனக்கு? இவ்வளவையும் வெச்சுக்கிட்டா என்னை வா வான்னு கூப்பிட்டே?

— எப்பவும் போல மாட்டேம்பீங்கன்னு தைரியம்.

— இல்லாத வீட்டுக்கு என்னைக் கூப்பிடவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தே?

— இல்லை. எப்ப வந்தாலும் 'ரெண்டு நாள் இருந்துட்டுப் போ'ன்னு சொல்லுவீங்கல்ல... இந்தத் தடவை அந்தப் 'போ'வை மட்டும் விட்டுடுங்க அண்ணி.